ஈரத்துணியின் மேல் போட்ட பழி

எனக்கு இருபத்தாறு வயதில் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டத் தெரியும். தெரியும் என்பதைவிட, எனக்குத் தெரியும் என்பது ஊருக்குத் தெரியும்படி பார்த்துக்கொண்டேன் என்று சொல்வதுதான் சரி. ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன் வேலை, கிள்ளானில் வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூர் போய் கேசிங், மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க் என்று தனித்தனியாக வாங்கி வந்து, அறையின் சிமெண்டுத் தரையில் பரப்பி வைத்துப் பூட்டுவேன். கடையில் விற்பதைவிட என்னுடையது ஒசத்தி என்று வாய் கூசாமல் சொல்வேன். தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் என்றாலே வாயைப் பிளக்கிறவர்கள் அதிகம். அதனால் என் பேச்சு எடுபட்டது.

அந்தப் பேச்சை நம்பியவர்களில் ஒருவர் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ஓர் அங்கிள். சிலோன்காரர், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனுக்கு ஈமெயில் அனுப்ப ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று கூப்பிட்டனுப்பினார். என் அப்பா கேரி தீவு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். தோட்டத்து ஆபீஸில் கிராணியின் மேசை முன்னால் நின்றே பழகியவர். நானோ பெரிய கிராணி ஒருவரின் வீட்டு ஹாலில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "தம்பி, கோப்பி குடியும்" என்று அவரே உபசரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர் அந்த வீட்டில் பதினொரு வருஷமாகச் சமையலும் துப்புரவும் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். போகாமல் நின்று என் முகத்தையே பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கிள்ளான்."

"நான் கேரி தீவு. ஒங்க மொகம் எங்க எஸ்டேட்டு ஆளுங்க சாட மாதிரி இருக்குது. அங்க யாராச்சும் ஒறவு இருக்காங்களா?"

அங்கிள் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "இல்லக்கா, நாங்க டவுன்தான்" என்றேன். அக்கா அதை நம்பினாரோ இல்லையோ, உள்ளே போய் அங்கிளின் மனைவியிடம், "நம்ம புள்ள ஒண்ணு கம்ப்யூட்டர் செய்யுதும்மா" என்று சந்தோஷமாகச் சொன்னது ஹாலுக்குக் கேட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது.

கம்ப்யூட்டரை ஒப்படைப்பதற்குள் அங்கிளின் மனைவியான அந்த அம்மா நெஞ்சுவலியில் காலமாகிவிட்டார். நான் அதைக் கொண்டுபோய் வைத்தபோது துக்கம் நடந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஹாலில் அம்மாவின் படம், விளக்கு, ஊதுபத்தி. படத்துக்குப் பக்கத்து மேசையிலேயே கம்ப்யூட்டரை வைக்கச் சொன்னார் அங்கிள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க, இறந்தவரின் வாழ்க்கையையும் தேவாரத்தையும் சேர்த்து ஒரு புத்தகம் அச்சடிப்பது அவர்கள் வழக்கம். கல்வெட்டு என்பார்கள்.

"நானே டைப் பண்ணப்போறன் தம்பி. வேற ஆக்கள் எழுதினா அது அவவா இராது" என்றார்.

தமிழ் எழுத்துரு ஏற்றிக் கொடுத்தேன். இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

மூன்றாம் நாள் தொழிற்சாலைக்குப் போன் வந்தது. "தம்பி, இது தன்ரபாட்டில நிண்டு போச்சுது. எழுதினதெல்லாம் காணேல்லை." ஸேவ் பண்ணினீர்களா என்று கேட்டேன். பண்ணவில்லை. அப்படியானால் தப்பு உங்களுடையது என்கிற தோரணையில் நாலு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். மறுநாளும் போன். இந்த முறை ஸேவ் பண்ணிக்கொண்டிருக்கும்போதே அணைந்து, ஃபைலே திறக்கவில்லையாம்.

போனேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் கரண்டு சரியில்லை என்றேன். ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினேன். நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக ஓடியது. கிள்ளான் திரும்பிச் சட்டையைக் கழற்றுவதற்குள் மறுபடி அணைந்துவிட்டதாகச் செய்தி. அடுத்த தடவை பவர் சப்ளையை மாற்றினேன், மெமரியை மாற்றினேன், விசிறியை ஊதித் துடைத்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் செய்யவில்லை. மதர்போர்டைக் கழற்றிப் பார்க்கவில்லை. அது என் கையால் பூட்டியது, அதில் தப்பு இருக்காது என்று நினைத்தேன். இரவு முழுக்க ஓடவிட்டு டெஸ்ட் பண்ணினேன் என்று அங்கிளிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் ஓடவிட்டது இருபது நிமிஷம்.

மூன்றாவது தடவை போனது ஒரு சனிக்கிழமை காலை. காரியத்துக்கு இன்னும் பத்து நாள்தான். அங்கிளுக்குத் தாடி வளர்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது. கோப்பி குடியும் என்று சொல்லவில்லை.

"கடையில வாங்கச் சொல்லி எல்லாரும் சொன்னவை. நான்தான் உம்மை நம்பிக் குடுத்தனான். நாங்கள் கலியாணம் கட்டின கதை நாலு பக்கம் எழுதினன், போச்சுது. உமக்கு உண்மையிலேயே இந்த வேலை தெரியுமா?"

காது வரைக்கும் சூடேறியது எனக்கு. அந்த நேரம் பார்த்து அக்கா ஒரு துணியோடு ஹாலுக்கு வந்தார். படத்துக்கு முன்னால் விழுந்திருந்த ஊதுபத்திச் சாம்பலைத் துடைத்தார், மேசையைத் துடைத்தார், அதே துணியால் கேசிங்கின் தலையையும் ஒரு முறை துடைத்தார். துணி ஈரமாக இருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். அதைத்தான் அன்றைக்குச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அங்கிள், தெனமும் இத ஈரத்துணியாலயா தொடைக்கிறாங்க?"

அங்கிள் மெதுவாகத் திரும்பினார். "எத்தினை நாளா இப்பிடிச் செய்யிறாய்?"

"வந்த நாள்லேருந்தே தொடைக்கிறேன்யா. சாம்பல் பறந்து விழுதே. அம்மா இருந்தா ஒரு தூசு விடுவாங்களா?" என்றார் அக்கா. என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் குனிந்து வயரைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"தண்ணி உள்ள எறங்கியிருக்கலாம் அங்கிள். எடுத்துட்டுப் போயி காய வைக்கணும்" என்றேன்.

அன்று பிற்பகலே என் அறையில் மதர்போர்டைக் கழற்றினேன். போர்டு கேசிங்கில் படாமல் இருக்க, அடியில் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் வைத்து அதன்மேல் திருகுவோம். போர்டில் ஆறு ஓட்டை. நான் வைத்திருந்தது ஏழு கால். ஏழாவது கால், ஓட்டையில்லாத இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. சூடேறிப் போர்டு இம்மி விரியும்போதெல்லாம் அது பின்பக்கத்து ஈயத்தில் போய் முட்டும், உடனே எல்லாம் அணையும். முட்டிய இடத்தில் மிளகளவு கறுப்புத் தழும்பு. உள்ளே ஒரு சொட்டு ஈரமில்லை. தூசிகூட இல்லை, அந்த அக்கா அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார்.

அந்தக் காலைக் கழற்ற ஒரு நிமிஷம் ஆகவில்லை. மூடி, ஓடவிட்டேன். இரவு முழுக்க ஓடியது. ஞாயிற்றுக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் காய வைக்கிறேன் என்று சொல்லியிருந்தேனே, ஒரே நாளில் காய்ந்துவிட்டது என்றால் நன்றாகவா இருக்கும்? செவ்வாய்க்கிழமை வரை வைத்திருந்தேன். மனைவிக்காக ஒரு மனிதர் நாளை எண்ணி எழுதிக்கொண்டிருக்கும்போது, என் பொய் காய்வதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். இதை இப்போது எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்தது அங்கிள். காப்பியையும் அவரேதான் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். வீட்டில் வேறு சத்தமில்லை.

"அவளை வேலையால நிப்பாட்டிப்போட்டன்" என்றார், நான் கேட்காமலே. "என்ர மனிசி இருந்திருந்தா விட்டிருக்க மாட்டா. ஆனா தம்பி, அந்த நாலு பக்கம் எனக்குத் திரும்ப எழுத வருகுதில்லை. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோவம் வந்துது."

கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். திரை வெளிச்சத்தில் அவர் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தது.

"தண்ணிதானே தம்பி காரணம்? வேற ஒண்டும் இல்லையே?"

இல்லை அங்கிள், என் தப்பு, ஒரு கால் அதிகமாக வைத்துவிட்டேன், அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த வார்த்தைகள்தான். அவர் மறுபடி 'உமக்கு இந்த வேலை தெரியுமா' என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம் ஒன்றுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"தண்ணிதான் அங்கிள்" என்றேன்.

அவர் தலையாட்டினார். "கெட்டிக்காரன்" என்று என் முதுகில் தட்டினார்.

கல்வெட்டு நல்லபடியாக அச்சாகி வந்தது. எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் 'நன்றி நவிலல்' என்று போட்டு, துக்கத்தில் கைகொடுத்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருந்தது. பதினொரு வருஷம் அந்த அம்மாவுக்குச் சமைத்துப் போட்ட அக்காவின் பெயர் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எந்த இடம் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், கிள்ளான் பஸ் நிலையத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் ரப்பர் பூட்ஸ், உடம்பில் மீன் கவிச்சி. நான் பார்த்த மாத்திரத்தில் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். அவர் அதற்குள் பார்த்துவிட்டார்.

"தம்பி! தம்பி!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். சரி, கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட்கட்டும், எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

காப்பாரில் தங்கை வீட்டில் இருப்பதாகவும், மீன் சுத்தம் பண்ணுகிற இடத்தில் வேலை என்றும் சொன்னார். தண்ணீரில் ஊறி அவர் விரல்களெல்லாம் வெளுத்திருந்தன. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது தம்பி. எனக்குப் படிப்பு இல்ல. அந்த மாதிரி சாமான ஈரத்துணி போட்டுத் தொடைக்கக் கூடாதுன்னு சத்தியமா தெரியாது. ஒங்க பேரக் கெடுத்துட்டேன். அய்யா எழுதினதயும் அழிச்சுட்டேன். என்ன மன்னிச்சிருங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் அங்கிள் இல்லை. எனக்குத் தெரிந்தவர்கள் ஒருவர்கூட அங்கே இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாழ்க்கையில் கிடைக்கப்போவதில்லை.

"பரவால்லக்கா" என்றேன். "தெரியாமத்தானே செஞ்சீங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பதான் தம்பி மனசு லேசாச்சு" என்றார். காப்பார் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்பும் வரை எனக்குக் கையசைத்துக்கொண்டே போனார்.