ரெண்டு நிலா ஸ்டூடியோ

"தலைய தூக்காதீங்க லா... கொஞ்சம் எடது பக்கம். ஆங், அப்படியே. மூச்சு விடலாம், சிரிக்கக் கூடாது" என்று அதட்டிக்கொண்டே ஆரோக்கியநாதன் கேமராவை விட்டு ஓடிவருகிறார், நாற்காலியில் இருப்பவரின் தாடையை ஒரு நூலளவு திருப்பிவிட்டுத் திரும்ப ஓடுகிறார். காது இரண்டும் சமமாகத் தெரிய வேண்டும். அடையாளக் கார்டு ஆபீசில் கேட்கிறார்களோ இல்லையோ, இவர் கேட்பார்.

மலேசியாவில், சிரம்பான் தெமியாங்கில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இவருடைய ஸ்டூடியோ. ஞாயிறு பூசை முடிந்ததும் படத்துக்குப் பின்னால் தொங்கவிடும் படுதாவைச் சுருட்டி மோட்டார் சைக்கிளின் பின்னால் குறுக்கே கட்டிக்கொண்டு தோட்டங்களுக்குக் கிளம்பிவிடுவார். எதிரே வரும் லோரிகள் ஒதுங்கி நிற்கும். அவற்றுக்கு வேறு வழியில்லை. படுதாவில் ஒரு தாஜ்மகால். ரப்பர் மரத்தைத் தவிர வேறு எது பின்னால் இருந்தாலும் தோட்டத்து ஜனங்களுக்குச் சம்மதம்.

எழுபத்தாறில், செவ்வாயின் தரையிலிருந்து எடுத்த படம் பத்திரிகையில் வந்தது. ஊரெல்லாம் வியந்தது. இவருக்கோ கோபம். "இம்புட்டுத் தூரம் கேமராவ அனுப்பி, வெயில்ல கல்ல படம் புடிச்சிருக்கானுங்க லா! ராத்திரி அங்க நின்னு மேல பாத்தா எப்படி இருக்கும்? அதக் காட்ட வேணாமா?" தொழில்காரரின் மனத்தாங்கல் அது, லேசில் ஆறவில்லை. பழைய புத்தகக் கடையில் விஞ்ஞான இதழ்களைத் தேடி வாங்கினார். அங்கே இரண்டு நிலா உண்டு, நட்சத்திரக் கூட்டங்கள் இங்கே உள்ளவைதான், பூமியும் அங்கே ஒரு நட்சத்திரம் என்று தெரிந்துகொண்டார். அதன்பிறகு, பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்கள்கூட அதைக் கேட்காமல் படியிறங்க முடியவில்லை.

படம் வராததால் ஒரு புதுப் படுதாவில் தாமே வரைந்துவிட்டார். "தவக்காலம் பூரா மனுஷன் ஏணி மேல நின்னு புள்ளி வச்சுக்கிட்டே இருந்தாரு" என்கிறார் மனைவி அந்தோனியம்மாள். "சிலுவைப் பாதைக்குக் கூப்பிட்டா, இன்னும் நட்சத்திரம் பாக்கி இருக்குன்னாரு."

கறுப்பு வானம், கீழே சிவந்த கற்கள். பெரிய நிலா உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். இதழில் அப்படித்தான் இருந்தது. வந்தவர்கள் இவருக்கு வட்டம் போட வரவில்லை என்றார்கள். பூமியை நீலப் புள்ளியாகக் கொஞ்சம் பெரிதாகவே வைத்திருக்கிறார். சொந்த ஊர்ப் பாசம்!

அதன் முன்னால் நிற்க ஒருவரும் வரவில்லை. பஞ்சாலை வரும்வரை.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள் பஞ்சாலை. ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். வந்த வரனெல்லாம் தட்டிப்போனது. தரகரிடம் கொடுத்த படங்களில் தாஜ்மகாலுக்கு முன்னால், இழவு வீட்டுக்கு வந்தவள் போல நிற்பாள். இன்னொரு படம் எடுக்கலாமென்று தாயார் வள்ளியம்மா அவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்தார். தாஜ்மகால் மழையில் நனைந்து காய்ந்துகொண்டிருந்தது. இதுதான் சமயமென்று ஆரோக்கியநாதன் புதுப் படுதாவை இறக்கிவிட்டார்.

"என்ன ஊருண்ணே இது? ரெண்டு நிலா இருக்கு?"

"செவ்வாய், அக்கா. செவ்வாய் கிரகம்."

வள்ளியம்மாவுக்கு அண்ணன் முறை மறந்துபோனது. "அடப்பாவி! என் புள்ள ஜாதகத்துல இருக்கற செவ்வா பத்தாதுன்னு நீ வேற கட்டித் தொங்க விட்டிருக்கியா?"

"ஜாதகத்துலயா?" என்றார் கத்தோலிக்கர், உண்மையாகவே புரியாமல். "அங்க எப்படிக்கா போச்சு?"

பஞ்சாலை வெடித்துச் சிரித்தாள். பல் அத்தனையும் தெரிந்தது. சிரிக்கக் கூடாது என்கிற மனிதர் அப்போது பட்டனை அமுக்கினார்.

படத்தைக் கண்ணில் காட்டக் கூடாது என்றார் தாயார். மகளோ தனியாக வந்து வாங்கிப்போய், தரகர் ராமசாமியிடம் அதையே கொடுத்துவிட்டாள். "அழுத மூஞ்சியப் பாத்துத்தான் எல்லாரும் வேணாங்கிறாங்க. ஒருத்தராச்சும் சிரிச்சத பாத்துட்டு வேணாம்னு சொல்லட்டுமே" என்றாளாம்.

பெண் பார்க்க வந்தவர், செனாவாங்கில் லோரி ஓட்டும் கணேசமூர்த்தி. அவருக்கும் அதே தோஷம். காப்பி வருவதற்குள், "அந்த ரெண்டு நிலா எந்த ஊருல?" என்று கேட்டுவிட்டார்.

"செவ்வாயில."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஊருதான்" என்றார். அடுத்த தையில் கல்யாணம்.

அந்தப் படுதாவுக்கு முன்னால் நின்றால் தோஷம் போகும் என்று முதலில் சொல்ல ஆரம்பித்தவர் வள்ளியம்மாதான். இப்போது தாய்மார்கள் மாடியேறி வந்து, "அந்த ஸ்கிரீன் இருக்காண்ணே?" என்று காதோடு கேட்கிறார்கள். ஒருவர் கேமராக் காலில் மல்லிகைச் சரம் சுற்றினார். இன்னொருவர் கற்பூரம் ஏற்றப்போக, ஓடிப்போய்த் தடுக்க வேண்டியிருந்தது. "இது சயின்ஸ் லா! பரிகாரம் இல்ல! சாமி ரூம் மாதிரி நடந்துக்காதீங்க!" என்று தொண்டை கட்டக் கத்துகிறார் மனிதர். அந்தோனியம்மாளுக்கு எதுவானாலும் சரி: "கூட்டம் வருதுல்ல?"

போன வாரம் நான் போயிருந்தபோது ரஹாங்கிலிருந்து செல்லம்மை ஆச்சி மகளோடு வந்திருந்தார். ஆச்சி கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்த பெண் திரும்பிப் படுதாவை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல நாம எங்க அங்கிள் இருக்கோம்?"

இத்தனை பேரில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. திரும்பாதே என்று அதட்ட வாயெடுத்தவர் கேமராவை விட்டு மெல்ல நடந்து வந்தார். படுதாவின் கீழ்ப்பகுதி தரையில் விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் நின்று, ஜப்பான் சிலிப்பரைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு அந்தச் சிவப்புக் கற்களின்மேல் ஏறி, நீலப் புள்ளியிடம் விரலை நீட்டினார்.