ஒரு குடம் நல்ல தண்ணீர்

ஸ்கூட்டருக்கு நானே பெயிண்ட் அடித்து, மேலே பளபளப்புக்குக் கிளியர் கோட்டும் அடித்துக் காயவிட்டிருந்தேன். இன்று மெருகேற்ற, சொரசொரப்பான வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தபோது பால்போல் வழிந்த தண்ணீர் என்னைச் சின்ன வயதில் இருந்த கோட்டைக்குப்பத்து வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்விட்டது.

நைனா மீன் கூடை கட்டிப்போகும் மொபெட்டுக்கு அவரே நீலம் அடித்து, கிளியர் கோட்டும் அடித்திருந்தார். வலை, கூடை, கால் எல்லாவற்றையும் உப்பு ஏரித் தண்ணீரில் கழுவிய பழக்கம் அவருக்கு. வண்டியைத் தேய்க்கவும் அதையே மொண்டுவந்தார். வெயிலில் காய்ந்ததும் வண்டியெங்கும் உப்புப் பூத்துவிட்டது.

"இன்னாய்யா, வண்டியையும் கருவாடு போட்டுட்டியா?" என்றாள் அம்மா.

சிரித்துக்கொண்டே உள்ளே போனவள், ஊர்க்கோடிக் குழாயில் வரிசையில் நின்று பிடித்துவந்த நல்ல தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். வீட்டில் இருந்ததே அந்த ஒரு குடம்தான்.

"சோறாக்க இன்னா பண்ணுவ?" என்றார் நைனா.

"அத்த நான் பாத்துக்கறேன். நீ தேய்யி."

அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, அவர் தேய்த்தார். அன்று எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சோறு. ஆனால் நீல டேங்கில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.

என் ஸ்கூட்டரும் இப்போது பளபளக்கிறது. குனிந்தால் என் முகம் மட்டும் தெரிகிறது. குழாயில் நல்ல தண்ணீர் கொட்டுகிறது. ஊற்றத்தான் ஆள் இல்லை.