அடுப்பை இடித்த வீடு

மருமகளாக வந்து நாற்பது வருடம் அடுப்பெரித்த அதே வீட்டில், இப்போது அவள் தினக்கூலிக்குப் பெருக்குகிறாள். முந்நூறு வருடத்து மண்சுவர், தலை குனிந்து நுழையும் வாசல், ஆளுயரத்துக்கு இறங்கும் வைக்கோல் கூரை என்று வாய்பிளந்து, வீட்டைப் பழமைச் சின்னமாகப் பாதுகாக்க எடுத்துக்கொண்ட அதிகாரிகள் முதல் வேலையாக அடுப்பைத்தான் இடித்தார்கள். கூரை தீப்பிடித்துவிடுமாம்.

"புகை படலேன்னா கூரை மரத்துல பூச்சி ஏறிடும் சார்," என்று அவள் அன்றே சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். படித்த மேதாவிகளுக்குப் பெருக்குகிறவள் சொல்லித் தெரிய வேண்டுமா என்ன? அடுப்பு இருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மை அடுப்பை வைத்தார்கள். அதற்குக் கரி பிடித்ததுபோல் கறுப்புச் சாயம் வேறு!

மூன்றாம் வருடம் கூரை மரம் உளுத்துப் பொடிப்பொடியாகக் கொட்டியது. அவள் பெருக்கப் பெருக்க மேலும் விழுந்தது. ஆராய வந்த நிபுணர் அண்ணாந்து பார்த்து, வாயில் விழுந்த தூளைத் துப்பினார்.

"முந்நூறு வருஷம் நின்ன கூரை மரம்மா இது! அப்பல்லாம் யாரு பாதுகாத்தாங்க?"

அவள் துடைப்பத்தைத் தரையில் தட்டினாள்.

"யாரும் பாதுகாக்கல சார். மூணு வேளையும் சோறாக்கினோம்."