எதிரணிச் சட்டையில் வெர்னா

வெர்னா ஹாகன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. சக்கரக் காலணி மாட்டி ஆடும் ரோலர் டெர்பி பழக வந்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அப்போது நாங்கள் மொத்தமே ஏழு பெண்கள். தரை கீறுகிறது என்று ஸ்கேட்டிங் கூடத்துக்காரர் எங்களை விரட்டிவிட்டார். கோடைக் கண்காட்சி முடிந்து குளிர்காலத்தில் சும்மா கிடக்கும் மாட்டுக் கொட்டகை ஒன்றைக் கேட்டு வாங்கினோம். எவ்வளவு கழுவியும் பசு வாசம் போகவில்லை.

ஆட்டம் இதுதான்: ஒவ்வொரு அணியிலும் தலைக்கவசத்தில் நட்சத்திரம் அணிந்த ஒருத்தி எதிரணிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓட வேண்டும், மற்றவர்கள் தோளாலும் இடுப்பாலும் மறிப்பார்கள். மறிப்பதில் வெர்னா மலை. வேகம்தான் வரவில்லை. குறித்த நேரத்துக்குள் சுற்றுகளை முடிக்காதவர்கள் ஆட்டத்தில் இறங்கக்கூடாது. வெர்னா இருமுறை தோற்றாள். முடிதிருத்தும் கடை வைத்திருந்த எங்கள் தலைவி மார்னி அவளுக்கு நெருங்கிய தோழி. ஆனாலும் விதியை வளைக்கவில்லை. மறு குளிர்காலத்தில் வெர்னா ஒருவழியாகத் தேறியபோது, புது ஆட்கள் சேர்ந்து முதல் பொது ஆட்டத்துக்கு அணி நிரம்பியிருந்தது. வெர்னா வாசலில் டிக்கெட் கிழித்தாள்.

அன்று பனி கொட்டியது. பக்கத்து மாநிலம் டகோட்டாவிலிருந்து வந்த அணியின் ஒரு வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை, ஆனால் வந்து சேர்ந்தது நாலே பேர். ஐந்து பேராவது இல்லாமல் ஆட முடியாது. வைக்கோல் கட்டுகளில் ஊரே உட்கார்ந்திருந்தது.

"எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிர வேண்டியதுதான்" என்றாள் மார்னி.

வெர்னா எழுந்து வந்தாள். "எனக்கு அவங்க சட்ட ஒண்ணு குடுங்க. நான் அந்தப் பக்கம் ஆடறேன்."

"ஏய், நீ எங்காளுடி!"

"உங்காளுதான். எடமில்லன்னு சொன்னது யாரு? இப்ப இடுப்பப் பத்திரமா வச்சுக்கோ."

நட்சத்திரம் அணிந்து பாய்ந்து வந்த மார்னியை வெர்னா ஒரே இடியில் வைக்கோலுக்குள் அனுப்பினாள். தலையெல்லாம் துரும்போடு மார்னி எழுந்தாள்.

"அடிப்பாவி! பயிற்சியில ஒருநாளாவது இப்படி இடிச்சிருக்கியா?"

"வலிக்குமேன்னு விட்டேன்!"

அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் "வெர்னா! வெர்னா!" என்று கத்த ஆரம்பித்தார்கள். மாற்று ஆளில்லாமல் எதிரணி களைத்துப்போனது, ஜெயித்தது நாங்கள்தான். ஆனால் ஊர் வெர்னாவைப் பற்றித்தான் பேசியது.

ஆட்டம் முடிந்தும் அவள் அந்தச் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அதன் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. எம்பேர இத்தன பேரு சேந்து கத்தி நான் கேட்டதேயில்ல."

அடுத்த வாரம் கொட்டகை வாசலில் புதுமுகங்கள்: பல் ஆஸ்பத்திரி நர்ஸ், பால் பண்ணைச் சகோதரிகள் இருவர், ஓர் ஆசிரியை. "அந்தச் சமையல்காரம்மா ஆடலாம்னா நாங்க ஆடக்கூடாதா?" என்றார்கள். வசந்தம் வருவதற்குள் இரண்டு அணியானோம்.

இரண்டாவது அணிக்குத் தலைவியாக இருக்கச் சொல்லி மார்னி வெர்னாவைக் கேட்டாள்.

வெர்னா ஒரு நிபந்தனை போட்டாள். "சரி. ஆனா ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சப்புறம்தான் பயிற்சி. அதுக்கு முன்னாடி யாரையும் இடிக்கமாட்டேன்."