ஒரே ஆளுக்கு எதுக்கு ரெண்டு பக்கம்?

எங்கள் மீனவப் பெண்கள் சங்கத்தின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பலத்த காற்று வருமுன் உறுப்பினர்களின் போனுக்கு எச்சரிக்கை அனுப்புவதும் அதுதான். ஏரியில் கையால் நண்டு பிடிக்கும் கோட்டைக்குப்பம் செல்விக்கா இன்று நேரில் வந்துவிட்டார்.

"புது நம்பர் குடுத்தேனே, இன்னா பண்ண? காத்து வருதுன்ற மெசேஜ் இன்னும் அந்தாளுக்கே போவுது. நேத்து நடுத்தண்ணியில மாட்டிக்கினேன்."

அந்தாள் என்றால், அவர் பிரிந்து வந்த கணவர். பழைய எண் அவருடையது.

தளத்தின் அட்மின் பகுதியைத் திறந்தேன். பயனர் கணக்கில் எண்ணை மாற்றியிருந்தேன். ஆனால் எச்சரிக்கை போவது சுயவிவரத்தில் இருக்கும் எண்ணுக்கு. அது வேறு பக்கம், மறந்துவிட்டேன்.

"என் தப்புதான்க்கா."

"ஒரே ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு பக்கம்?"

அவரை உட்காரவைத்து, இரண்டையும் ஒரே பக்கத்தில் திருத்தும்படி மாற்றினேன். சோதனைச் செய்தி அனுப்பியதும் அவர் போன் ஒலித்தது.

"அப்பாடா, இப்பதான் முழுசா பிரிஞ்சேன்" என்று சிரித்தார்.

உங்கள் பழைய எண்ணுக்கு இன்னும் என்னவெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது?