எங்கள் ஊர் ரேடியோக்காரி

திருப்பாச்சூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு ரேடியோ நிலையம் இருந்தது என்றால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எட்டு வயதில் அதற்குச் செய்தி பிடித்துக் கொடுத்தவளே நான்தான்.

அறுபதுகளின் கடைசி அது. பஞ்சாயத்து ஆபீஸ் அறையில் ரேடியோப் பெட்டி, வெளியே கம்பத்தின் மேல் குழாய் ஸ்பீக்கர். சாயங்காலச் செய்தி ஊர் முழுக்கக் கேட்கும். பெட்டியைப் போட்டு அணைப்பது சித்தப்பா வேலை. ஒருநாள் அது புகைந்து ஊமையாகிவிட்டது. சித்தப்பா அதைச் சாக்கில் கட்டித் திருவள்ளூர் கடையில் கொடுத்துவிட்டு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். தலைவருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஸ்பீக்கரும், ஊருக்கு அறிவிப்பு செய்கிற மைக்கும்தான் மிச்சம்.

"அக்கா, பேப்பர பாத்து நீயே படிச்சுடு. ரேடியோல பொம்பள கொரலும்தான் வருது. யாருக்குத் தெரியப் போவுது?"

அக்கா என்றது என் அத்தையை. ஏரிக்கு அக்கரை ஊரில் கட்டிக்கொடுத்து, "ஊரே கேக்கறாப்ல பேசறா, வாய் நீளம்" என்று மாமியார் ஒரே வருஷத்தில் திருப்பி அனுப்பிய அத்தை. அவமானம் தாங்காத நைனா, அதாவது என் அப்பா, "உன் சத்தம் வாசப்படி தாண்டக் கூடாது" என்று உத்தரவு போட்டிருந்தார். அதன்பிறகு தங்கையோடு அவர் பேசியதே இல்லை. இது தெரிந்தால் அத்தைக்கு இந்த வீடும் கிடையாது.

அத்தை கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, கொல்லைப்புறமாகக் கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

அடேயப்பா, என்ன குரல்! டெல்லி, மெட்ராஸ் எல்லாம் படித்தாள். பேப்பர் தீர்ந்தது, நேரம் தீரவில்லை. என்னைப் பார்த்தாள். மேட்டுத்தெரு எருமை காணோம் என்று கிசுகிசுத்தேன். அதையும் அதே கம்பீரத்தோடு வாசித்தாள். அரைமணியில் எருமை வீடு வந்து சேர்ந்தது.

"மெட்ராஸ்ல கீறவங்களுக்கு நம்ம எரும காணாப் போனது எப்டிபா தெரிஞ்சுது?" என்று ஒரு பெரியவர் வாய்பிளந்தார்.

அப்புறம் விடுவேனா? தெருத்தெருவாக அலைந்தேன். நாளைக்கு எந்த மடை திறப்பார்கள், யார் வீட்டில் விதைநெல் மிச்சம், அம்மை ஊசிக்காரர் என்றைக்கு வருவார், எல்லாம் படித்தாள் அத்தை. நைனாவும் தினமும் கம்பத்தடியில் நின்று கேட்டார். ஸ்பீக்கரில் வருவதால் தங்கை குரல் அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டேன்.

பத்தாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. நிஜச் செய்தி வந்தது. டெல்லி, மெட்ராஸ், வணக்கம், முடிந்தது. ஊர் திரண்டு ஆபீஸ் வாசலில் நின்றது.

"இன்னாடா இது? நம்மூரு சேதி படிக்கிற அம்மா எங்க?"

சித்தப்பா உண்மையைக் கொட்டிவிட்டார். எல்லார் கண்ணும் நைனா மேல் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பொட்டி அது பாட்டுக்குப் பேசட்டும். அதுக்கு முன்னாடி கால்மணி நேரம் அந்தப் பொண்ணு பேசட்டும். இன்னா சொல்றீங்கோ?"

கைத்தட்டலில் கம்பத்துக் காக்கைகள் பறந்தன. ஜெயித்துவிட்டோம்! நான் அத்தையைக் கட்டிக்கொண்டு குதித்தேன். நைனா மட்டும் ஏரிப்பக்கமாக நடந்துவிட்டார்.

மறுநாள் அத்தை டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, தெருவாசல் வழியாகவே எல்லாரும் பார்க்க ஆபீஸுக்குப் போனாள். அங்கே நைனா கம்பத்தில் சாய்த்த ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். ஊரைப் பார்த்திருந்த குழாயை முக்கித் திருப்பி, ஏரிப்பக்கம் வைத்துக் கட்டினார்.

"நைனா, அந்தாண்ட வெறும் தண்ணிதான் கீது. நமக்கு சரியா கேக்காதே!"

"நமக்கு இன்னா, ஊட்லயே கேட்டுக்கலாம். உங்க அத்தைய நல்லா சத்தமா படிக்கச் சொல்லு."

"வணக்கம். இது நம்மூரு நிலையம்" என்று தொடங்கி, தன் பெயரையும் சொல்லிப் படித்தாள் அத்தை. நான் மட்டும், நைனாவுக்குத் திசைகூடத் தெரியவில்லையே என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்கு மேலே சத்தம் அக்கரை ஊர் வரைக்கும் போகும் என்று எனக்கு அப்போது தெரியாது.