ஐந்தாவது ஆணி

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில், எங்கள் பக்கத்து வீட்டு முனுசாமியின் வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் எண் பொறித்த பித்தளை வட்டங்கள். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் தன் வட்டத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் மாட்ட வேண்டும். முனுசாமியின் மனைவி சரோஜா கறிவேப்பிலை வாங்கப் போனாலும் இதுதான் சட்டம். முனுசாமிக்குச் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், மேற்பாறை சரியாமல் மரத்தூண் நிறுத்தும் வேலை. அங்கே கூண்டில் இறங்குகிறவன் இதே போன்ற டோக்கன் ஒன்றை எடுத்துப் போவான். ஷிப்ட் முடிந்து ஓர் ஆணி காலியாக இருந்தால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஆள் வரும்வரை யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து 1984இல் இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த நான், இந்தப் பலகையைப் பற்றி ஊருக்கு எழுதிய கடிதங்களில் நிறையவே கேலி செய்திருக்கிறேன். கடிதங்களின் நகல்கள் தேதிவாரியாக என்னிடம் இருப்பதால் மறுக்க வழியில்லை.

1997 ஜனவரியில் திருநெல்வேலிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து எனக்கு வேலைக்கான கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் போட வேண்டும். எனக்குப் போக ஆசை. மனைவி சிவகாமி பிடி கொடுக்கவில்லை. கோலார் தங்கவயலிலேயே பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயது மகள் மீனா, "இன்னா பா, அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்றாள். மலையைக் காட்டினால் மனம் மாறிவிடும் என்று கணக்குப் போட்டேன். பொதிகை அடிவாரத்தில் பிறந்தவன் வேறு எப்படிக் கணக்குப் போடுவான்? இங்கே பொதிகைக்கு எங்கே போவது? பங்காருபேட்டைக்கு அப்பால் ஒரு பாறைக்குன்று இருந்தது. சனிக்கிழமை ஏறி, ஓர் இரவு கூடாரத்தில் தங்கி, ஞாயிறு காலை இறங்குவது என்று திட்டம். மலையேற்ற நூல்கள் நான்கைப் படித்துப் பதினோரு பக்கக் குறிப்பும் எடுத்தேன். முனுசாமியும் சரோஜாவும் தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள். பலகையும் வந்தது. எனக்கு ஐந்தாம் எண்.

"மலைக்கு எதுக்குய்யா டோக்கன்?" என்றேன்.

"கீழ போனாலும் மேல போனாலும் ஆளு ஆளுதானே சார். பாக்கெட்ல போடுங்க."

நாற்பது நிமிடத்தில் உச்சிக்கு வந்துவிட்டோம். பலகை ஒரு மரத்தில் ஏறியது, ஐந்து வட்டங்களும் ஆணிகளில் ஏறின. என் குறிப்பில் இடைமுகாமுக்கே இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். "ஏங்க, இதை நம்ம ஊர்ல மலைன்னே சொல்ல மாட்டோம், கரடுன்னுல்லா சொல்லுவோம்," என்றாள் சிவகாமி. முனுசாமி, கூரைபோல் கவிந்திருந்த ஒரு பாறையின் அடிப்பக்கத்தைச் சுரங்கத்தில் செய்வதுபோலக் கடப்பாரையால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் கெட்டியாக வந்த பிறகுதான் பெண்களை உட்காரவிட்டார். தார்ப்பாய்க் கூடாரத்தைத் திறந்த வெளியில் கட்டலாம் என்று நான் சொன்னபோது, அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தார்.

"மேல ஒண்ணுமே இல்லியே சார். எதைத் தட்டிப் பாக்கறது?"

சூரியன் இறங்கும் நேரத்தில், பொதிகையின் அருவிகளையும் மேகங்களையும் மீனாவுக்கு விவரித்தேன். பொறுமையாகக் கேட்டாள். "நல்லாத்தான் கீது பா. உங்க ஊருக்கு நீங்க போயிட்டு வாங்க. நாங்க இங்க இருக்கோம்," என்றாள். சரோஜா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல், டோக்கனை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மறுபக்கச் சரிவில் இறங்கினேன். சுனை ஒன்றைக் கண்டுபிடித்து என் மலைஞானத்தை நிலைநாட்டுவதாக உத்தேசம். சுனை கிடைக்கவில்லை, வழியும் தவறிவிட்டது. ஆறு ஐம்பதுக்கு ஒரு தார்ச்சாலையில் நின்றேன். திரும்ப ஏறி, வழி தவறியதை ஒப்புக்கொள்வதா? அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. அவர்களுக்கு முன்பே வீட்டுக்குப் போய், 'குறுக்கு வழி' என்று சொல்லிவிடலாம். ஏறிவிட்டேன். குளித்தேன், பத்திரிகை படித்தேன், புதிய வேலைக்குச் சம்மதக் கடிதம் எழுதி, டோக்கனோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

மூன்று மணிக்கு விழித்தபோது வீடு அப்படியே வெறிச்சென்றிருந்தது. பயத்தோடு தெருமுனை டீக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"சார்! நீங்க காணாம பூட்டீங்களே!"

"நானா?"

"மலை அடிவாரத்துலேர்ந்து சரோஜாம்மா பத்து மணிக்கே போன் பண்ணிச்சு. எட்டு பேரு கயிறு, கடப்பாரை எடுத்துக்கினு உங்களைத் தேடப் போயிருக்காங்க. நீங்க இன்னா சார், டீ குடிக்க வந்துக்கினு?"

மறுபடி பஸ். மறுபடி அந்த நாற்பது நிமிடம். இம்முறை இருபத்தைந்தில் ஏறினேன். எட்டுப் பேரும் சரிவுகளில் என் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர்கள் அதில் இருவர். முனுசாமி கூடாரத்தைப் பிரிக்கவில்லை. மரத்தில் மாட்டிய பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான்கு வட்டங்கள் தொங்கின. சிவகாமி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மீனா எழுந்து வந்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

முனுசாமி கையை நீட்டினார். பைக்குள் கைவிட்டு எடுத்தபோது கடிதமும் டோக்கனும் சேர்ந்து வந்தன. டோக்கனை மட்டும் வாங்கி ஐந்தாவது ஆணியில் மாட்டினார்.

"ஷிப்ட் முடிஞ்சிச்சு. பாயைச் சுருட்டுங்க," என்றார். அவ்வளவுதான். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் வீடு வரும்வரை மீனா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, வர இயலாது என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். ஊரில் காரணம் கேட்டவர்களுக்குப் பதவி உயர்வு என்று சொல்லிவைத்தேன். அது பொய் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த 2001ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். முனுசாமி விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் காவலாளி வேலைக்குப் போகிறார், டோக்கனை எடுத்துக்கொண்டுதான். பலகையில் ஐந்தாம் எண் இன்னும் என்னுடையது. மே மாத விடுப்பில் அம்பாசமுத்திரம் போனபோதும் அதை எடுத்துப் போனேன். அண்ணன் வாசலிலேயே, "வாடே, எப்ப வந்தே, எப்பப் போறே?" என்று ஒரே மூச்சில் கேட்டார். மாலையில் ஆற்றங்கரையில் நின்று பொதிகையைப் பார்த்தேன். மேகம் இறங்கியிருந்தது, நான் மீனாவுக்குச் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பைக்குள் என் விரல்கள் அந்தப் பித்தளை வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தன. ஆண்டர்சன்பேட்டையில் ஓர் ஆணி காலியாக இருந்தது.